அப்பாவின் புல்லட்டைப் பிரிப்பதற்கு முன்

கடிதத்தின் சுருக்கம்

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 43 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை 1979-இல் புதிதாக வாங்கிப் பதிவு செய்த 350 சி.சி. புல்லட், தந்தை படுக்கையில் விழுந்த பிறகு ஏழு ஆண்டுகள் மாட்டுக்கொட்டகையில் நின்றது. தந்தை காலமான பின் அதை விற்க மனம் வராமல், ஓடும் நிலைக்குக் கொண்டுவர முயன்றிருக்கிறார். முதல் மெக்கானிக் டேங்கைக் கழுவி, புது பாட்டரி போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். வண்டி இருபது நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு சைலன்சரில் இரண்டு முறை ‘பட் பட்’டென்று வெடித்து நின்றது. அரை மணி நேரம் ஆறவிட்டால் முதல் உதையிலேயே கிளம்புகிறது; மறுபடியும் இருபது நிமிடம்தான். இரண்டாமவர் கார்ப்பரேட்டரை மாற்றினார். கோளாறு தீரவில்லை, பழைய கார்ப்பரேட்டரும் திரும்பி வரவில்லை. மூன்றாமவர் நீலப் புகையைப் பார்த்ததுமே ரீபோர் (சிலிண்டர் துளையைச் சீவிப் பெரிதாக்குவது), புதுப் பிஸ்டன், ஹெட் வேலை எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய் என்றார். “இல்லேன்னா வேற எஞ்சின் ஒண்ணு இருக்கு, ரெண்டே நாள்ல மாத்திடலாம்” என்றும் சொல்லியிருக்கிறார். மூவருமே அவரிடம் பேசாமல், வாழ்நாளில் புல்லட் ஓட்டியிராத அவர் கணவரிடமே பேசினார்கள் என்பது அவருடைய வருத்தம்.

பிஸ்டன் ரிங் (ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டதா, எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா, யாரை நம்பி வண்டியை விடுவது என்று கேட்கிறார். ஆர்.சி. இன்னும் தந்தை பெயரில்தான் இருக்கிறது. கடைசியாக 2013-இல் புதுப்பிக்கப்பட்டு 2018-இல் காலாவதியாகிவிட்டது. விண்டேஜ் வண்டி என்பதால் அது ஒரு பிரச்சினை இல்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் மூன்று விவரங்களை எழுதியிருக்கிறார். வண்டி நிற்கும்போது கிக்கர் இறுகுவதில்லை, வழக்கம்போலவே இருக்கிறது. புகை, பத்து நாள் நின்ற வண்டியைக் கிளப்பும்போது முதல் மூன்று நான்கு நிமிடங்கள்தான் வருகிறது. அப்பா கிக்கரை உதைப்பதற்கு முன் ஹெட்லைட்டின் மேலிருக்கும் சிறிய மீட்டரைக் காட்டி, “முள்ளு நடுவுக்கு வரட்டும்மா” என்பாராம்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த மூன்று வரிகளிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று மெக்கானிக்குகளும் சேர்ந்து கண்டுபிடித்ததைவிட அதிகமான தகவல் அவற்றில் இருக்கிறது. வண்டியைக் கண்ணால் பார்க்காமல் கோளாறு இதுதான் என்று முத்திரை குத்த என்னால் முடியாது, அப்படிச் செய்வதும் முறையாகாது. ஆனால் நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உங்கள் வண்டி சூடேறி நிற்பதும் அது புகை விடுவதும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள் என்றே தோன்றுகிறது. இரண்டையும் ஒரே நோயாக நினைத்துக்கொண்டதால்தான் தொகை 68,000-க்குப் போயிருக்கிறது.

முதலில் நிற்பதைப் பார்ப்போம். சூட்டினால் பிஸ்டன் இறுகுகிற எஞ்சின் சொல்லிவிட்டுத்தான் நிற்கும்: யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறையும், நின்றபின் கிக்கர் மிதிக்கக் கனமாக இருக்கும். பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி, கொஞ்ச தூரம் திக்கித் திணறி, ஆக்ஸிலரேட்டரைத் திருகினாலும் எடுக்காமல் மெல்ல அடங்கும். உங்கள் வண்டி இந்த இரண்டையும் செய்யவில்லை. சைலன்சரில் வெடிக்கிறது, சட்டென்று நிற்கிறது, கிக்கர் லேசாகவே இருக்கிறது, ஆறியதும் ஒரே உதையில் கிளம்புகிறது. இது பெரும்பாலும் தீப்பொறி விட்டுவிட்டு வருவதன் அடையாளம். எரியாத பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள் போய், அடுத்து வரும் பொறியில் பற்றிக்கொள்வதைத்தான் நீங்கள் ‘பட் பட்’ என்று கேட்கிறீர்கள். இந்த வயதுடைய புல்லட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது, பாயின்ட் என்னும் சிறு சுவிட்சில் பொறி பறந்து கரன்ட் வீணாகாமல் காக்கும் கண்டென்சரை; அடுத்ததாக, பிளக்கில் பொறி உண்டாக்கும் உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலை. இரண்டும் ஆறியிருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, சூடேறியதும் கைவிடக்கூடியவை. ஆறிக் கிடக்கும் வண்டியைச் சோதித்துவிட்டு “கரன்ட் நல்லா இருக்கு” என்று ஒருவர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அதனால் பயனும் இல்லை.

அப்பா காட்டிய முள்

அந்தச் சிறிய மீட்டர் ஆம்மீட்டர், அதாவது பாட்டரியிலிருந்து கரன்ட் வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று காட்டுவது. விளக்குகளை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சிலிண்டருக்குப் பின்னால் வலப்புறம் உள்ள சிறிய மூடிக்குள் பாயின்ட் இருக்கிறது. பாயின்ட்டின் முனைகள் ஒன்றையொன்று தொட்டு மூடியிருக்கும்போது காயில் வழியாகக் கரன்ட் ஓடுவதால் முள் இடப்பக்கம், கழித்தல் குறியை நோக்கிச் சாயும்; பாயின்ட் திறந்தால் முள் நடுவுக்கு வரும். கம்ப்ரஷனில் கிக்கர் இறுகி, முள்ளும் நடுவுக்கு வந்தால், பிஸ்டன் தீப்பொறிக்கான இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அங்கிருந்து, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, முழு உதை கொடுத்தால் வண்டி கிளம்பும், காலையும் திருப்பி அடிக்காது. உங்கள் அப்பா கற்றுக்கொடுத்தது கிளப்பும் வித்தை மட்டுமன்று. அதே முள் நோயையும் காட்டும்.

வண்டி சூட்டில் நின்ற அந்த நிமிடத்திலேயே, ஆறவிடாமல், சாவியைப் போட்டபடி கிக்கரை மெல்ல அழுத்தி முள்ளைக் கவனியுங்கள். முள் இங்கும் அங்குமாக ஆடினால் பாயின்ட் திறந்து மூடுகிறது, காயிலின் முதல் சுற்றுக்குக் கரன்ட் போகிறது. அப்போதும் பொறி வரவில்லையென்றால் கண்டென்சரையோ காயிலின் உட்சுற்றையோ சந்தேகிக்கலாம். முள் நடுவிலேயே அசையாமல் நின்றால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது: சூட்டில் விரிந்து விட்டுப்போகும் காயில், அழுக்கேறிய பாயின்ட், தளர்ந்த ஒயர், சாவி சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று. முள் இடப்பக்கமே சாய்ந்து திரும்பாமல் கிடந்தால், பாயின்ட் திறக்கவில்லை அல்லது கண்டென்சர் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு கரன்டைத் தரைக்கு அனுப்புகிறது. பணம் செலவில்லாத சோதனை இது. முள் சொன்னதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கூடவே இன்னொன்று: சட்டைப்பையில் நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய பிளக்கை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும், கொதிக்கிற பிளக்கைக் கழற்றப் போராடாமல், பிளக் மூடியை மட்டும் உருவி இந்தப் பிளக்கில் மாட்டி, சிலிண்டரின் தகடுகளில் அதன் உலோகப் பகுதி படும்படி வைத்து, வேறொருவரைக் கிக்கரை உதைக்கச் சொல்லுங்கள். மாலை வெளிச்சத்தில் நீலநிறத்தில் சொடுக்குகிற பொறி தெரிந்தால் மின்சாரப் பக்கம் பிழையில்லை. சிவந்து மெலிந்த பொறி, அல்லது பொறியே இல்லை என்றால் நம் சந்தேகம் உறுதியாகிறது. பாயின்ட் மூடியைத் திறந்து பார்க்கும்போது, பாயின்ட்டுகளுக்கு நடுவே பெரிதாகப் பொறி பறந்தால், முனைகள் கருகிக் குழி விழுந்திருந்தால், அது கண்டென்சருக்கு எதிரான வலுவான சாட்சி. பெட்ரோல் மூடி திறந்திருக்கும்போது பொறிச் சோதனை செய்யாதீர்கள்.

பெட்ரோல் மூடியையும் தனியாக ஒருமுறை கவனிக்க வேண்டும். அதில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. ஏழு ஆண்டுத் தூசியில் அது அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது, சிறிது நேரம் நின்றால் தானே சரியாகும். வண்டி நின்றதும் மூடியைத் திறக்கையில் ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் கண்டென்சரை மறந்துவிட்டு மூடியைச் சுத்தம் செய்யுங்கள்.

1979 மாடல் என்பதால் இன்னொரு கேள்வி. உங்கள் வண்டி 6 வோல்ட் அமைப்பு. புது பாட்டரி 6 வோல்ட்டா என்று பாருங்கள். யாராவது இடையில் காயிலை மாற்றியிருந்தால் அதில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் காயிலைப் போட்டால் பொறி பலவீனமாகத்தான் வரும். அவசரத்தில் கடையில் இருந்ததை மாட்டிவிடுவது நம் ஊரில் நடக்காத காரியமில்லை.

புகை பற்றி

நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்பது சரி. ஆயில் எரிந்தால் ரிங் போய்விட்டது என்பதுதான் தவறு. பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் ஆயில் தொட்டி எஞ்சின் உடம்பிலேயே தனி அறையாக இருக்கிறது. வண்டி நாள்கணக்கில் நின்றால், அந்த ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து, சிலிண்டருக்குக் கீழே உள்ள க்ராங்க் அறைக்குள் தேங்கிவிடும். கிளப்பியதும் தேங்கியது சிலிண்டருக்குள் தெறித்துப் புகையாக வெளியேறும். பம்ப் அதைத் திரும்பத் தொட்டிக்கு இறைத்தபின் புகை நிற்கும். நீங்கள் எழுதியுள்ள மூன்று நான்கு நிமிடக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருந்தால், சூடான வண்டி மேட்டில் இழுக்கும்போதும் புகை வரும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடிவிட்டு மறுபடி திறக்கும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்தால், வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடைப் பார்க்க வேண்டும்.

உறுதி செய்வது எளிது. அடுத்த முறை பத்து நாள் நின்ற வண்டியைக் கிளப்புவதற்கு முன், க்ராங்க் அறையின் அடியிலுள்ள வடிகால் போல்ட்டைத் திறந்து தேங்கிய ஆயிலை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். போல்ட்டை மூடி, வடித்த அளவுக்குப் புது ஆயிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கிளப்புங்கள். புகை இல்லையென்றால் ரீபோர் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம்.

ரிங்கைவிட எனக்குக் கவலை தருவது, உங்கள் கடிதத்தில் ஆயில் மாற்றியதாக ஒரு வரியும் இல்லாதது. ஏழு ஆண்டு கிடந்த ஆயிலோடும் ஃபில்டரோடும் வண்டியை ஓட்டியிருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். பிஸ்டனை க்ராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனைக்கு ஆயில் போகாமல் ஓடினால்தான் உண்மையிலேயே எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியபின், எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் காக்கின் ரப்பரையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

யாரிடம் விடுவது

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போய்விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அங்குள்ள இளைஞர்கள் திறமையானவர்கள்தாம்; ஆனால் அவர்கள் பயின்றது எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த இன்றைய எஞ்சினில். தனிக் கியர்பாக்ஸும், வலக்காலில் கியரும், பாயின்ட்டும் உள்ள வண்டியில் கைவைத்துப் பழகியவர்களை அங்கே எதிர்பார்க்க முடியாது. 1955-இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் வார்க்கப்பட்ட எஞ்சின் உங்களுடையது. ஆகவே உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை, கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்கும் இன்னும் பஞ்சமில்லை. வேறு பல பழைய வண்டிக்காரர்களுக்கு இல்லாத வசதி இது.

அவர்களைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ புல்லட் ஸ்பேர்ஸ் விற்கும் கடைக்குப் போய், பாயின்ட், கண்டென்சர், டேப்பெட் சாமான் யார் அடிக்கடி வாங்குகிறார்கள் என்று கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். யார் கோளாறைக் கண்டுபிடித்து மாட்டுகிறார், யார் கண்டபடி மாற்றித் தள்ளுகிறார் என்பது அவருக்குத் தெரியும். பழைய புல்லட்டைப் பத்து ஆண்டுகளாக ஒரே கையில் வைத்திருப்பவரைத் தெருவில் கண்டால் நிறுத்திக் கேட்கத் தயங்காதீர்கள். பழைய வண்டிக்காரர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

ஒருவரைப் பார்த்ததும் நான் கவனிப்பவை இவை:

• நீங்கள் சொல்வதை முழுதும் கேட்கிறாரா, எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று திருப்பிக் கேட்கிறாரா.

• கோளாறு வரும்வரை வண்டியைச் சூடேற்றிக் காத்திருக்க ஒப்புகிறாரா.

• பட்டறையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும், கரன்ட் சோதிக்கும் மல்டிமீட்டரும் இருக்கின்றனவா. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய வண்டியைக் கண்மதிப்பில் வைப்பவரிடம் போக வேண்டாம்.

• “இதை எப்படி உறுதி செய்வீர்கள்?” என்ற கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்கிறாரா.

கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் தனியாகக் கூலி கொடுங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கண்டுபிடிப்பதற்குக் காசு இல்லை, சாமான் மாற்றினால்தான் காசு என்ற ஏற்பாட்டில், மெக்கானிக் எதையாவது மாற்றியே ஆக வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. “அரை நாள் கூலி தருகிறேன், எதையும் மாற்ற வேண்டாம், என்ன கோளாறு என்று எனக்குக் காட்டுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். உங்களிடம் பேசுவாரா, உங்கள் கணவரிடம் பேசுவாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும். பிறகு மாற்றுவது என்றால் ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும், மாற்றியபின் இருபது நிமிட ஓட்டம், அதன்பிறகே அடுத்தது.

ரீபோர்தான் என்று நாளை ஒருவர் சொன்னாலும், சிலிண்டரை லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக, ஆறு அளவுகளை எழுதி வாங்குங்கள். புதிதில் 70 மில்லிமீட்டர் இருந்த துளை அது. சீவிய இரும்பு திரும்பி வராது.

பணிக்கு முன் எழுத்தில் மதிப்பீடு, பின் ரசீது, கழற்றிய பழைய பாகங்கள் என மூன்றையும் கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் பழைய கார்ப்பரேட்டர் உங்கள் சொத்து. முதலில் நேரில் நயமாகக் கேளுங்கள், இல்லையென்றால் ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம் என்றாலும், ஒரு கார்ப்பரேட்டருக்காக அவ்வளவு தூரம் நடக்க வேண்டி வராது என நினைக்கிறேன். இன்னொரு பக்கமும் உண்டு: ஒப்புக்கொண்ட நியாயமான கூலியைக் கொடுக்கும்வரை வண்டியைப் பிடித்துவைக்க மெக்கானிக்குக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஆர்.சி.யும் மாற்று எஞ்சினும்

இந்த இடத்தில் உங்களைத் திருத்தியாக வேண்டும். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட விண்டேஜ் பிரிவு, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கானது. உங்களுடையது 2029-இல்தான் அந்த வயதை எட்டும். எட்டினாலும் அது சலுகையாக இராது: விண்டேஜாகப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். பள்ளிக்கு ஓட்டிப்போக வேண்டும் என்ற உங்கள் ஆசைக்குச் சாதாரணப் பதிவே ஏற்றது.

ஆகவே இரண்டு வேலைகள். ஒன்று, பெயர் மாற்றம்: படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் மற்ற வாரிசுகளும் தரும் சம்மதக் கடிதம். உரிமையாளர் இறந்த மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியது. தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் வரலாம், அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். மற்றொன்று, படிவம் 25-இல் பதிவுப் புதுப்பிப்பு. வண்டியை நேரில் ஆய்வு செய்து, சரியாக இருந்தால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். பசுமை வரியும் கட்ட வேண்டும். ஆய்வில் எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள். மூன்றாமவர் சொன்ன ‘ரெண்டே நாள்’ எஞ்சின் அங்கேதான் சிக்கும். பதிவு அதிகாரியின் அனுமதியின்றி எஞ்சினை மாற்றுவது சட்டப்படி குற்றம். ஆவணமில்லாத எஞ்சின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் எஞ்சின் எண்ணை இன்றே ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள்.

அதுவரை பொதுச் சாலையில் சோதனை ஓட்டம் கூடாது. காலாவதியான பதிவோடு பிடிபட்டால் முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. காப்பீடில்லாமல் ஒருவர் மேல் மோதினால் ஏற்படும் இழப்பீட்டுக்கு அளவே இல்லை. பட்டறைக்குக் குட்டியானையில் ஏற்றி அனுப்புங்கள். இருபது நிமிட ஓட்டத்துக்கு வேலியடைத்த சொந்தத் தோப்பு வழி இருந்தால் அது போதும். வீட்டு வாசலில் நிறுத்தியபடி ஓடவிடுவதானால், காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபேனை வைக்காமல் ஓடவிட வேண்டாம்.

முள்ளைப் பார்த்து, நல்ல தரமான கண்டென்சரை மாற்றி, அதன்பிறகும் வண்டி நின்றால், எனக்கு மறுபடி எழுதுங்கள். எத்தனை நிமிடத்தில் நின்றது, நின்றபோது முள் எங்கே இருந்தது, கையிலிருந்த பிளக்கில் பொறி என்ன நிறம், பெட்ரோல் மூடியைத் திறந்தபோது சத்தம் வந்ததா என்ற நான்கையும் குறிப்பிட்டு எழுதினால் அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.